கே. எஸ். கிருஷ்ணன்

சர் கரியமாணிக்கம் ஸ்ரீனிவாச கிருஷ்ணன் (டிசம்பர் 4, 1898 – ஜூன் 1961) இந்திய இயற்பியலாளர் ஆவார். தமிழ்நாட்டின் வத்திராயிருப்பில் பிறந்தவர். சர் சி. வி. இராமனுடன் இணைந்து, பின்னர் இராமன் விளைவு எனப் பெயர் பெற்ற ஒளிச்சிதறலைக் கண்டறிவதில் பெரும் பங்காற்றினார். படிகங்களின் காந்தப் பண்பு திசைக்குத் திசை மாறுவதைத் துல்லியமாக அளக்கும் முறைகளை உருவாக்கி, அம்மாற்றத்துக்குக் காரணமான எலக்ட்ரான்களின் நிலையை ஆராய்ந்தது இவரது தனிப்பெரும் பணியாகும். புது தில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர் இவரே.

பொதுமக்களிடையே இவர் பெயர் பெரும்பாலும் இராமனின் உதவியாளர் என்ற அளவிலேயே அறியப்பட்டுள்ளது. ஆயினும் திண்மநிலை இயற்பியல் வரலாற்றில் இவருக்குரிய இடம் இராமன் விளைவை மட்டும் சார்ந்ததன்று.

== இளமையும் கல்வியும் ==

வத்திராயிருப்பு, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் திருவில்லிபுத்தூருக்கு அருகே அமைந்துள்ள ஊர். தற்போது விருதுநகர் மாவட்டத்தில் உள்ளது. கிருஷ்ணனின் தந்தை வேளாண்மையோடு தமிழ், வடமொழிப் புலமையும் உடையவர். தந்தையிடமிருந்து பெற்ற இலக்கிய ஈடுபாடு கிருஷ்ணனிடம் இறுதிவரை நிலைத்திருந்தது.

திருவில்லிபுத்தூரில் உயர்நிலைப் பள்ளிக் கல்வியை முடித்த இவர், மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறித்துவக் கல்லூரியிலும் பயின்றார். பட்டம் பெற்றபின் கிறித்துவக் கல்லூரியிலேயே வேதியியல் செய்முறை விளக்குநராகப் பணியாற்றினார். அக்காலத்தில் மதிய உணவு இடைவேளையில் மாணவர்களுடன் அமர்ந்து உரையாடுவது இவர் வழக்கம். இயற்பியல், வேதியியல், கணிதம் ஆகியவற்றில் யார் எந்த ஐயத்தையும் எழுப்பலாம். நாளடைவில் பிற கல்லூரி மாணவர்களும் இவ்வுரையாடல்களுக்கு வரத் தொடங்கினர்.

== கல்கத்தாவில் ஒளிச்சிதறல் ஆய்வுகள் ==

1920 ஆம் ஆண்டளவில் கிருஷ்ணன் கல்கத்தாவுக்குச் சென்றார். அங்கு இந்திய அறிவியல் வளர்ப்புக் கழகத்தில் இராமன் நடத்திவந்த ஆய்வுகளில் 1923 இலிருந்து முழுமையாக ஈடுபட்டார். நீர்மங்களின் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிக்கும் விதமே அப்போது அங்கு முதன்மையான ஆய்வுப்பொருள். கிருஷ்ணன் 65 நீர்மங்களைத் தூய்மைப்படுத்தி, அவற்றில் ஒளி எவ்வாறு சிதறுகிறது என்பதை ஒன்றன்பின் ஒன்றாக ஆராய்ந்தார்.

1927, 1928 ஆம் ஆண்டுகளில் இராமனும் கிருஷ்ணனும் நீர்மங்களின் ஒளியியல், மின்னியல் பண்புகளைப் பற்றிய கோட்பாடுகளை வெளியிட்டனர். நீர்மத்திலுள்ள ஒரு மூலக்கூறு உணரும் மின்புலம், நாம் வெளியிலிருந்து செலுத்தும் புலம் மட்டுமன்று. அண்டையிலுள்ள மூலக்கூறுகள் முனைவுறுவதால் எழும் புலமும் அதனுடன் சேர்கிறது. அண்டை மூலக்கூறுகள் சீரான உருண்டை வடிவில் சூழ்ந்திருப்பதில்லை என்பதால், இந்த உள்ளிடப் புலமும் திசைக்குத் திசை மாறும் என்பது அவர்கள் கொண்ட கருத்து. அணுவின் அண்டை அயலார் உண்டாக்கும் மின்புலம் பற்றிய இந்த அக்கறை கிருஷ்ணனின் பிற்கால ஆய்வுகளிலும் தொடர்வதைக் காணலாம்.

== இராமன் விளைவில் பங்கு ==

சிதறிய ஒளியில், செலுத்திய ஒளியின் நிறத்தினின்றும் வேறுபட்ட ஒரு மங்கலான ஒளி கலந்திருப்பதை 1923 இலேயே கே. ஆர். இராமநாதன் கண்டிருந்தார். கிருஷ்ணனும் தம் ஆய்வுகளில் அதைக் கண்டார். நீர்மத்திலுள்ள மாசுகளால் எழும் ஒளிர்வு அது என முதலில் கருதப்பட்டது. ஆனால் மீண்டும் மீண்டும் தூய்மைப்படுத்தியும் அது மறையவில்லை. 1927 இன் இறுதியில் எஸ். வெங்கடேசுவரன், கிளிசரினில் இவ்வொளி வலுவாக முனைவாக்கம் பெற்றிருப்பதைக் கண்டார். இயல்பான ஒளிர்வில் அத்தகைய முனைவாக்கம் எதிர்பார்க்கத்தக்கதன்று.

1928 பிப்ரவரி முதல் வாரத்தில் கிருஷ்ணன் இச்சோதனைகளை மீண்டும் தொடங்கினார். சூரிய ஒளியை ஒரு வடிகட்டியின் வழியே நீர்மத்துக்குள் செலுத்தி, சிதறிய ஒளியை முதல் வடிகட்டி கடத்தும் நிறத்தை முற்றிலும் தடுக்கும் மற்றொரு வடிகட்டியின் வழியே நோக்குவது செய்முறை. நிறம் மாறாதிருந்தால் எதுவும் தெரியக்கூடாது. ஆனால் ஒளி தெரிந்தது. ஒரு நீர்மத்தில் மட்டுமன்றிப் பல நீர்மங்களிலும், ஆவிகளிலும் தெரிந்தது. பிப்ரவரி 28 அன்று நிறமாலைகாட்டியின் துணைகொண்டு நோக்கியபோது, புதிய ஒளி தனித்துப் பிரிந்து நிற்பது உறுதியாயிற்று. இந்நாளே இந்தியாவில் தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

புதிய கதிர்வீச்சைப் பற்றிய குறிப்பு இராமன், கிருஷ்ணன் இருவரது பெயரிலும் 1928 மார்ச் 31 அன்று நேச்சர் இதழில் வெளியாயிற்று. ஏறத்தாழ அதே வேளையில் மாஸ்கோவில் லான்ட்ஸ்பெர்க், மான்டெல்ஷ்டாம் ஆகியோர் குவார்ட்சு படிகத்தில் இதே விளைவைத் தனித்துக் கண்டறிந்தனர். 1930 ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு இராமன் ஒருவருக்கே வழங்கப்பட்டது.

இக்கண்டுபிடிப்பில் கிருஷ்ணனின் பங்கு எவ்வளவு என்பது பின்னாளில் விவாதத்துக்குரியதாயிற்று. அந்நாட்களில் கிருஷ்ணன் எழுதிய நாட்குறிப்பு இவ்விவாதத்தில் முதன்மையான சான்றாகும். சிக்கலை வகுத்து, அதன் பொருளை உணர்ந்து, ஆய்வை வழிநடத்தியவர் இராமன் என்பதையும், தொடக்கத்தின் தீர்மானமான நோக்கீடுகளைச் செய்தவர் கிருஷ்ணன் என்பதையும் அது காட்டுகிறது. அறிவியல் வரலாற்றாளர்கள் பலர் இவ்விரண்டையும் ஏற்கின்றனர்.

== டாக்காவில் படிகக் காந்தவியல் ஆய்வுகள் ==

1928 இன் இறுதியில் கிருஷ்ணன் டாக்கா பல்கலைக்கழகத்தில் இயற்பியல் இணைப்பேராசிரியர் ஆனார். 1921 இல் தொடங்கப்பட்ட இப்பல்கலைக்கழகத்தில் சத்தியேந்திரநாத் போசு அப்போது பணியாற்றிவந்தார். இராமன் விளைவு உலகெங்கும் ஆய்வாளர்களை ஈர்த்துக்கொண்டிருந்த வேளையில், கிருஷ்ணன் அதை விட்டு வேறொரு துறைக்குத் திரும்பினார். படிகங்களின் காந்தப் பண்பே அத்துறை.

=== ஆய்வுப் பொருள் ===

எப்பொருளும் காந்தப்புலத்தில் வைக்கப்படும்போது சிறிதளவேனும் காந்தமுறும். சில பொருள்கள் புலத்தின் திசையிலேயே காந்தமுறுகின்றன. இவை இணைக்காந்தப் பொருள்கள். வேறு சில புலத்துக்கு எதிர்த்திசையில் மெலிதாகக் காந்தமுறுகின்றன. இவை எதிர்க்காந்தப் பொருள்கள். காந்தமுறும் அளவைக் காந்த ஏற்புத்திறன் என்பர்.

அணுக்கள் ஒழுங்கான வரிசையில் அமைந்த படிகத்தில் இந்த ஏற்புத்திறன் எல்லாத் திசைகளிலும் ஒன்றாக இருக்கவேண்டியதில்லை. மரக்கட்டையை நாரோட்டத்தின் வழியே பிளப்பது எளிது, குறுக்கே பிளப்பது கடினம் என்பதைப்போல, படிகத்தையும் ஒரு திசையில் காந்தமாக்குவது எளிதாகவும் வேறொரு திசையில் கடினமாகவும் இருக்கலாம். காந்தப் பண்பு எலக்ட்ரான்களின் இயக்கத்தாலும் தற்சுழற்சியாலும் எழுவதால், இந்தத் திசைவேறுபாட்டை அளந்தால் படிகத்தினுள் எலக்ட்ரான்கள் எவ்வாறு கட்டுண்டுள்ளன என்பதை அறியலாம். ஆனால் பெரும்பாலான பொருள்களில் இவ்வேறுபாடு மிகச் சிறியது. இரு திசைகளில் தனித்தனியே அளந்து ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால், அளவீட்டுப் பிழையே விடையை விழுங்கிவிடும்.

=== முறுக்கு முறை ===

கிருஷ்ணன் வேறுபாட்டையே நேரடியாக அளக்கும் வழியை வகுத்தார். சாந்திலால் பானர்ஜி முதலிய உடனாய்வாளர்கள் இதில் துணைநின்றனர்.

சிறு படிகம் ஒன்று மெல்லிய குவார்ட்சு இழையில், சீரான காந்தப்புலத்தில் தொங்கவிடப்படுகிறது. எல்லாத் திசைகளிலும் ஒரே ஏற்புத்திறன் உடைய படிகமாயின் அது எந்தப் பக்கமும் திரும்ப முயலாது. திசைவேறுபாடு உடையதாயின், எளிதில் காந்தமுறும் திசை புலத்தோடு ஒன்றுமாறு தன்னைத் திருப்பிக்கொள்ளும். இப்போது இழையின் மேல்முனையை மெல்ல முறுக்கவேண்டும். இழை படிகத்தைத் திருப்ப முயலும். காந்தப்புலம் அதை விடாது பிடித்து நிறுத்தும். படிகம் சிறிது சிறிதாகவே திரும்பும்.

காந்தப்புலம் படிகத்தை இழுக்கும் திருப்புவிசை, படிகம் 45 பாகை திரும்பியிருக்கையில் உச்சத்தை அடைகிறது. அதற்கு மேல் அப்பிடி தளரத் தொடங்கும். ஆகவே 45 பாகையைச் சற்றுக் கடந்தவுடன் படிகம் திடீரெனச் சுழன்று புரண்டுவிடும். அக்கணத்தில் மேல்முனை எவ்வளவு முறுக்கப்பட்டிருந்தது என்பதைக் குறித்துக்கொண்டால் போதும். அக்கோணம், புலத்தின் வலிமை, படிகத்தின் நிறை, இழையின் முறுக்கு மாறிலி ஆகியவற்றைக்கொண்டு இரு திசைகளின் ஏற்புத்திறன் வேறுபாட்டைக் கணக்கிடலாம். பெருஞ்செலவுக் கருவி எதையும் வேண்டாத இம்முறை மிகச் சிறிய வேறுபாடுகளையும் காட்டவல்லதாக இருந்தது.

இவ்வாய்வுகளின் முடிவுகள் இலண்டன் ராயல் சொசைட்டியின் வெளியீட்டில் 1933 முதல் தொடர் கட்டுரைகளாக வெளிவந்தன.

=== எலக்ட்ரான்களும் படிகப் புலமும் ===

இணைக்காந்த உப்புகளில் கிருஷ்ணன் குழுவினர் செய்த அளவீடுகள் சரியான தருணத்தில் வந்தன. தனித்த அயனியின் எலக்ட்ரான்களுக்கு எல்லாத் திசைகளும் ஒன்றே. அதே அயனி படிகத்தினுள் அமர்ந்திருக்கும்போது, அதைச் சூழ்ந்த ஆக்சிசன் முதலிய அணுக்களின் மின்புலம் சில திசைகளை எலக்ட்ரான்களுக்கு உகந்தனவாகவும் வேறு சிலவற்றை உகவாதனவாகவும் ஆக்குகிறது. இப்படிகப் புலக் கோட்பாட்டை 1929 இல் ஆன்சு பெத்தே அமைத்தார். வான் விளெக் முதலியோர் 1932 அளவில் அதைக் காந்தவியலுக்கு விரித்தனர்.

கோட்பாட்டின்படி, ஒரே அமைப்புடைய படிகங்களிலும் உள்ளிருக்கும் உலோக அயனியைப் பொறுத்துத் திசைவேறுபாடு பெரிதும் மாறவேண்டும். கோபால்ட்டு உப்புகளில் அது மிகப் பெரிதாகவும், நிக்கல் உப்புகளில் சிறிதாகவும், எலக்ட்ரான் பகிர்வு உருண்டைச் சீர்மையுடைய மாங்கனீசில் ஏறத்தாழ இல்லாமலும் இருத்தல் வேண்டும். அளவீடுகளும் இவ்வாறே அமைந்தன. மாங்கனீசு உப்புகளின் மிக மெலிந்த வேறுபாட்டையும் இக்குழு அளந்து காட்டியது. கண்ணுக்குப் புலப்படாத மின்புலத்தின் சீர்மையைத் தொங்கும் படிகத்தின் புரளலிலிருந்து அறிய முடிந்தது என்பதே இவ்வாய்வுகளின் சிறப்பு.

== மீண்டும் கல்கத்தா ==

1933 இல் இராமன் பெங்களூரிலுள்ள இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநராகச் சென்றார். அதே ஆண்டில் கிருஷ்ணன் கல்கத்தாவுக்குத் திரும்பி, அறிவியல் வளர்ப்புக் கழகத்தில் மகேந்திரலால் சர்க்கார் இயற்பியல் பேராசிரியர் பொறுப்பை ஏற்றார். காந்தவியல் ஆய்வுகள் இங்கும் தொடர்ந்தன.

=== கரிம மூலக்கூறுகள் ===

நாப்தலீன், ஆந்திரசீன் போன்ற பொருள்களின் மூலக்கூறுகள் தட்டையானவை. அவற்றின் எதிர்க்காந்தப் பண்பு, வளையத் தளத்துக்குச் செங்குத்தான திசையில் மிகுந்தும் தளத்தினுள் குறைந்தும் இருக்கும். ஆகையால் படிகம் முழுவதன் திசைவேறுபாட்டை அளந்தால், அதனுள் மூலக்கூறுகள் எந்தச் சாய்வில் அடுக்கப்பட்டுள்ளன என்பதைக் கணக்கிடலாம். எக்சுக் கதிர் முறையில் படிக அமைப்பை அறிவது நெடுங்காலம் பிடித்த அந்நாளில் இது பெருந்துணையாயிற்று. பென்சீன் வளையம் தட்டையானது என்பதைப் படிகவியல் வழி நிறுவிய காத்லீன் லான்ஸ்டேலும் கிருஷ்ணனும் இணைந்து இதுபற்றிய கட்டுரையை 1936 இல் வெளியிட்டனர்.

இப்பெரிய திசைவேறுபாட்டுக்குக் காரணம், சில எலக்ட்ரான்கள் ஓர் அணுவோடு கட்டுண்டிராமல் வளையம் முழுவதையும் சுற்றி இயங்குவதே என்பது அக்காலத்தில் தெளிவாயிற்று.

=== கிராஃபைட்டு ===

கிராஃபைட்டில் கரி அணுக்கள் அறுகோண வலைகளாக அடுக்கடுக்காக அமைந்துள்ளன. வளைய மூலக்கூறுகளின் எல்லையற்ற விரிவு என்று இதைக் கருதலாம். கிருஷ்ணனும் என். கங்குலியும் செய்த அளவீடுகளில், கிராஃபைட்டின் எதிர்க்காந்த ஏற்புத்திறன் அடுக்குக்குச் செங்குத்தான திசையில், அடுக்கின் தளத்தில் உள்ளதைவிட ஏறத்தாழ நாற்பது மடங்கு பெரிதாக இருந்தது. அதன் மின்கடத்துத்திறனும் திசைக்குத் திசை பெரிதும் மாறுவதை 1939 இல் அவர்கள் அறிவித்தனர். கிராஃபைட்டின் கட்டற்ற எலக்ட்ரான்கள் அடுக்கின் தளத்தினுள் எளிதில் இயங்குகின்றன; ஓர் அடுக்கை விட்டு மற்றொன்றுக்குத் தாவுவது அரிது என்பது இதிலிருந்து பெறப்பட்டது. விரிவான கட்டுரை 1941 இல் வெளியாயிற்று.

கிராஃபைட்டின் எலக்ட்ரான் பட்டைக் கோட்பாட்டை வாலசு 1947 இல் வகுத்தார். ஒற்றை அடுக்கான கிராஃபீனைப் பிரித்தெடுத்து 2004 இல் அறிவித்த கெய்ம், நோவோசெலோவ் ஆகியோர் 2010 இல் நோபல் பரிசு பெற்றனர்.

== அலகாபாத் ==

1942 இல் கிருஷ்ணன் அலகாபாத் பல்கலைக்கழக இயற்பியல் துறைத் தலைவரானார். இங்கு உலோகங்களின் மின்தடையை ஆராய்ந்தார். உலோகத்தின் வழியே செல்லும் எலக்ட்ரான் ஓர் அலையாகவும் இயங்குவதால், அது அணுக்களால் சிதறடிக்கப்படுவதை, நீர்மத்தில் ஒளியும் எக்சுக் கதிரும் சிதறுவதைப் போலவே கணக்கிடலாம் என அவரும் ஏ. பி. பாட்டியாவும் காட்டினர். நீர்ம உலோகங்களின் மின்தடை பற்றிய அவர்களது கட்டுரை 1945 இல் வெளிவந்தது. 1961 இல் சைமன் வெளியிட்ட, இன்று பரவலாக அறியப்படும் கோட்பாட்டுக்கு இது முன்னோடியாகும். இளமையில் கல்கத்தாவில் பயின்ற ஒளிச்சிதறல் இவ்வாறு மற்றொரு துறைக்குப் பயன்பட்டது.

== தேசிய இயற்பியல் ஆய்வகம் ==

தேசிய இயற்பியல் ஆய்வகத்துக்கு 1947 ஜனவரி 4 அன்று ஜவாஹர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். அதே ஆண்டில் கிருஷ்ணன் அதன் முதல் இயக்குநராகப் பொறுப்பேற்றார். 1950 ஜனவரி 21 அன்று சர்தார் வல்லபாய் பட்டேல் ஆய்வகத்தைத் திறந்துவைத்தார். நீளம், நிறை, காலம் முதலிய அளவைகளுக்கு நாட்டின் தரத்தைப் பேணுவது இவ்வாய்வகத்தின் கடமைகளுள் ஒன்று. 1948 இல் அமைக்கப்பட்ட அணுசக்தி ஆணையத்திலும் ஹோமி பாபா, சாந்தி சுவரூப் பட்நாகர் ஆகியோருடன் கிருஷ்ணன் உறுப்பினரானார்.

ஆட்சிப் பொறுப்புகள் பெருகியபோதும் இவர் ஆய்வைக் கைவிடவில்லை. எஸ். சி. ஜெயினுடன் இணைந்து, சூடேற்றிய பொருள்களிலிருந்து எலக்ட்ரான்கள் வெளியேறுவதை ஆராய்ந்தார். மூடிய வெப்ப அறையில் நிறைந்திருக்கும் எலக்ட்ரான் ஆவியைச் சிறு துளையின் வழியே கசியவிட்டு அளப்பது இவர்கள் கண்ட புதுமுறையாகும். மின்னோட்டத்தால் சூடேறும் மெல்லிய கம்பிகளில் வெப்பநிலை எவ்வாறு பரவியுள்ளது என்பதையும் கணக்கிட்டனர். எஸ். கே. ராயுடன் அயனிப் படிகங்களின் அதிர்வுகளையும் மின்னாற்றலையும் ஆராய்ந்தார்.

கிருஷ்ணன் 1961 ஜூன் மாதம் தில்லியில் காலமானார். அப்போது அவர் ஆய்வகத்தின் இயக்குநராகவே இருந்தார்.

== பிற்கால ஆய்வுகளுடன் தொடர்பு ==

கிருஷ்ணனின் பணி, படிகத்தின் புறப்பண்பிலிருந்து எலக்ட்ரான்களின் நிலைக்குச் செல்லும் வழியைக் காட்டியது. இதே வகைக் கேள்வி மின்னியல் பண்புகளிலும் எழுகிறது. சில படிகங்கள் வெளி மின்புலம் இல்லாதபோதும் தாமே மின்முனைவுற்றிருக்கும். வெளிப்புலத்தைச் செலுத்தி அம்முனைவைத் திருப்பவும் முடியும். இவை ஃபெர்ரோமின் படிகங்கள் எனப்படுகின்றன. இப்பண்பை ரோசெல் உப்பில் வலாசெக் 1920 அளவில் கண்டறிந்தார். 1940களில் பேரியம் டைட்டனேட்டிலும் இது கண்டறியப்பட்டது.

இத்துறையில் இராமன் விளைவே முதன்மையான ஆய்வுக்கருவிகளுள் ஒன்றாயிற்று. 1940 இல் இராமனும் நெடுங்காடியும், குவார்ட்சைச் சூடேற்றி அது வேறு படிகநிலைக்கு மாறும் வெப்பநிலையை நெருங்குகையில், ஓர் அதிர்வின் அதிர்வெண் குறைந்துகொண்டே வருவதைக் கண்டனர். ஃபெர்ரோமின் படிகங்களிலும் இவ்வாறு தளரும் அதிர்வொன்றே நிலைமாற்றத்துக்குக் காரணம் என்ற கோட்பாட்டை 1960 ஆம் ஆண்டையொட்டி காக்ரன், ஆண்டர்சன் ஆகியோர் அமைத்தனர். பேரியம் டைட்டனேட்டில் டைட்டானியம், ஆக்சிசன் அணுக்களின் எலக்ட்ரான் நிலைகள் கலப்பதே முனைவு நிலைபெறுவதற்கு இன்றியமையாதது என்பதை 1992 இல் கோகன் கணக்கீட்டின் வழி காட்டினார். அயனியைச் சூழ்ந்த அண்டை அணுக்கள் அதன் எலக்ட்ரான்களை எவ்வாறு மாற்றுகின்றன என்பதே, காந்த உப்புகளில் கிருஷ்ணன் ஆராய்ந்த கேள்வியைப் போலவே, இங்கும் அடிப்படையாகும்.

== ஆளுமை ==

கிருஷ்ணன் அமைதியான இயல்பினர். இராமன் விளைவில் தமக்குரிய பங்கை முன்னிறுத்திப் பொதுவெளியில் வாதிட்டவரல்லர். தமிழ், வடமொழி இலக்கியங்களில் ஆழ்ந்த பயிற்சியும், இசையிலும் டென்னிசு ஆட்டத்திலும் விருப்பமும் உடையவர். கல்லூரி நாட்களின் மதிய வேளை உரையாடல்களில் தொடங்கிய கற்பிக்கும் ஆர்வம் இவரை விட்டு நீங்கவில்லை. உடனாய்வாளர்களின் பெயர்கள் இவரது கட்டுரைகள் பலவற்றில் இடம்பெற்றிருப்பதும் குறிப்பிடத்தக்கது.

== விருதுகளும் சிறப்புகளும் ==

* 1937 – பெல்ஜியத்தின் லியேழ் பல்கலைக்கழகப் பதக்கம்
* 1940 – இலண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினர்
* 1946 – பிரித்தானிய அரசின் சர் பட்டம்
* 1949 – இந்திய அறிவியல் மாநாட்டின் தலைவர்
* 1954 – பத்ம பூஷண் விருது
* 1958 – சாந்தி சுவரூப் பட்நாகர் பரிசு. இப்பரிசை முதன்முதலில் பெற்றவர் இவரே.

== நினைவுகள் ==

புது தில்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகம் அமைந்துள்ள சாலைக்கு டாக்டர் கே. எஸ். கிருஷ்ணன் மார்க் எனப் பெயர் சூட்டப்பட்டுள்ளது. அலகாபாத்தில் இந்தியப் புவிக்காந்தவியல் கழகத்தின் ஆய்வகம் ஒன்று இவர் பெயரைத் தாங்கியுள்ளது. இந்திய அணுசக்தித் துறையும் இளம் ஆய்வாளர்களுக்கு இவர் பெயரில் ஆய்வு உதவித் தகுதி வழங்குகிறது. இவரது வாழ்க்கை வரலாற்றை லான்ஸ்டேலும் ஹோமி பாபாவும் இணைந்து எழுத, ராயல் சொசைட்டி 1967 இல் வெளியிட்டது.